எண் அழிந்த செடிகள்

மனைவி இறந்த ஏழாவது வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் மாஸ்டர் அந்தத் தவறைச் செய்தார். செய்துகொண்டிருந்தபோது அது தவறு என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குப் பிடித்த காரியம் ஒன்றைச் செய்வதாகவே எண்ணினார். அப்படி எண்ணியதால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கவனமாகச் செய்தார்.

தெருவில் எல்லோரும் அவரைப் பல் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் மருத்துவர் இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒருவர் வாயிலும் அவர் கைவைத்ததில்லை. மருத்துவர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள்; இவர் பட்டறையில் உட்கார்ந்து, மெழுகில் செதுக்கி, அந்த வாய்க்கு வேண்டிய பல்லைச் செய்து அனுப்புவார். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போக வேண்டும். தொழிலின் உயிர் அதில்தான் இருந்தது. அதற்காக அவரிடம் ஒரு கொத்து உண்டு. பால் வெள்ளையில் தொடங்கிப் பழைய காகிதத்தின் மஞ்சள்வரை பதினாறு மாதிரிப் பற்கள், ஒரே வளையத்தில் கோத்தவை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வீட்டுக்கும் வந்துவிடுவார்.

மனைவி ரயில் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள். ஒரு முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும். நாலு வருஷம் கழித்துச் சந்தையில் பார்த்தாலும், "இவர் கடைசி நிமிஷத்துல ஓடி வர்ற ஆளு" என்று காதோடு சொல்வாள். வேலை நேரம் போக அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம், மொட்டை மாடிக் கண்ணாடி அறையில் இருந்த கல்செடிகள்.

கல்செடி என்பது அவள் வைத்த பெயர். இலை இரண்டே இரண்டு. தடித்து, தண்ணீரை உள்ளே அடைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் ஒரு கீறலோடு இருக்கும். மேற்புறம் தட்டை. கூழாங்கற்களுக்கு நடுவே வைத்தால் கல் எது, செடி எது என்று தெரியாது. அவளிடம் இருந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் ஒரே இனம். வேறு ஒன்றை அவள் சேர்த்ததே இல்லை.

"இந்த மூணும் ஒரே காயில வந்த விதைங்க. ஒரே மண்ணு, ஒரே தட்டு, ஒரே நாள்ல தண்ணி," என்று காட்டுவாள். "பாருங்க, இது செங்கல், இது சாம்பல், இது யாரோ இஸ்திரிப்பெட்டிய மறந்து வெச்சுட்டுப் போன மாதிரி."

"எனக்கு எல்லாம் கல்லாத்தான் தெரியுது."

"உங்க வாயில இருக்கிறதும் எல்லாம் பல்லுதான். அப்புறம் எதுக்கு அந்தக் கொத்தைத் தூக்கிட்டு அலையிறீங்க?"

அதோடு அவர் கீழே இறங்கிவிடுவார். இருபது வருஷம் அந்த அறைக்குள் அவர் போனது அவள் காபி குடித்த டம்ளரைத் திருப்பி எடுத்து வரத்தான்.

அவளிடம் இருந்த விதைகள் வெவ்வேறு குன்றுகளிலிருந்து வந்தவை. தொலைவில் ஒரு நகரத்தில் இருந்த விதைக் காப்பகத்து அம்மா ஒருவர் பதினோரு வருஷமாக அவற்றைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த விதை இந்தக் குன்று, இந்தச் சரிவு என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு இருக்கும். அந்தக் குன்றுகளில் மூன்றை இப்போது ஜல்லிக்காக உடைத்து எடுத்துவிட்டார்கள். அங்கே அந்தச் செடி இனி முளைக்காது. அந்த மூன்று குன்றின் பிள்ளைகள் காப்பகத்திலும் முளைத்து அழுகிப்போயின. இவளுடைய தட்டுகளில் மட்டும் பிழைத்துக் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் பேசியதே கொஞ்சம்தான். அதில் பாதி இதைப் பற்றி. "எல்லாம் அங்க போயிடட்டும். பிரிக்காம அனுப்புங்க. நோட்டோட." அவர் சரி என்றார். காப்பகத்து அம்மாவும் போனில் சரி என்றார். வசந்தம் வந்ததும் வண்டி அனுப்புவதாகப் பேச்சு. அதற்குள் வீட்டுக்காரர் மொட்டை மாடியைக் கொத்தித் தளம் போடுவதற்கு ஆள் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை கண்ணாடி அறையைப் பிரிப்பார்கள். அதனால் காப்பகத்து வண்டியை அதற்கு முந்தைய சனிக்கிழமைக்கே வரச் சொல்லியாயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் அமைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மேலே போனார். ஒவ்வொரு தொட்டியிலும் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் லேபிள் செருகியிருந்தது. லேபிளில் எண் மட்டும். அந்த எண்ணுக்கு உரிய குன்று, விதைத்த நாள், மற்ற விவரமெல்லாம் நோட்டில். லேபிள்கள் பாசி பிடித்து, சுண்ணாம்பு படிந்து, கவனிக்கப்படாத வாயில் இருக்கும் பற்களைப் போல இருந்தன. இதை இப்படியா அனுப்புவது என்று அவருக்குக் கூசியது. "ஊராருக்கு வெள்ளையா பல்லு செஞ்சு கொடுக்கிறீங்க, குடிச்ச டம்ளரைக் கழுவ மாட்டேங்கிறீங்க" என்பது அவள் தினமும் சொல்வது.

லேபிள்களை ஒவ்வொன்றாக உருவினார். எந்தத் தட்டு, எந்த வரிசை, எந்த இடம் என்று குழப்பம் வராமல் இருக்க, அச்சுகளை அடுக்கும் கட்டம் போட்ட பெட்டிகளில் அதே வரிசையில் படுக்கவைத்தார். பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு அதிர்வுத் தொட்டி உண்டு. செய்து முடித்த பல்லை மருந்துத் தண்ணீரில் போட்டுப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அதிர்வில் ஒட்டியிருந்த அழுக்கெல்லாம் உதிர்ந்துவிடும். ஒரு வரிசை லேபிள்களை எடுத்துப் போட்டார். பத்து நிமிஷம். எடுத்து, பார்க்காமலே துணியில் பரப்பினார். அடுத்த வரிசை. வேலைக்காரனின் கை ஓடும்போது கண் அடுத்த வேலையில் இருக்கும். முப்பது வருஷப் பழக்கம் அது.

அவரோடு ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, பல்லுக்குப் பீங்கான் பூசுகிற பீங்கான்காரர்தான் முதலில் பார்த்தார்.

"மாஸ்டர், இவ்ளோ வெள்ளை எந்த டாக்டர் கேட்டாரு? வாயத் திறந்தா கண்ணு கூசுமே."

மாஸ்டர் சிரித்தபடி ஒன்றை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு வேகமாகப் பத்து இருபது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கடியில் பிடித்தார். எண்கள் கீறியவை என்று அவர் நினைத்திருந்தார். பேனா மையில் எழுதியவை. அவளுடைய கையெழுத்து பாசியோடு சேர்ந்து தொட்டியின் அடியில் லேசான சாம்பல் வண்டலாகக் கிடந்தது.

பீங்கான்காரர் எழுந்து வந்து பார்த்தார். போய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வரிசை மாறவில்லை என்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவள் செடிகளை எண் வரிசையில் வைத்தவளே இல்லை. வெயில் நகர நகர, யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்குத் தக்கபடி மாதாமாதம் இடம் மாற்றுவாள். நோட்டு பத்திரமாக இருந்தது. செடிகளும் பத்திரமாக இருந்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு நூல் மட்டும் அறுந்துபோயிற்று.

புதன்கிழமை காலை காப்பகத்து அம்மாவுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொல்லத்தான் செய்தார். வாயில் வந்தது வேறு.

"சும்மா ஒரு சந்தேகம் மேடம். ஏதோ ஒரு செடிக்கு லேபிள் தொலைஞ்சுபோச்சுன்னு வைங்களேன்?"

"அது எங்களுக்கு வெறும் செடி சார். அழகுக்கு வெச்சுக்கலாம். காப்பகத்துல சேர்க்க முடியாது."

"உத்தேசமா இன்ன நம்பர்னு போட்டுட்டா?"

"ஐயோ, அது அதைவிட மோசம். லேபிள் இல்லாத செடி ஊமை, அவ்வளவுதான். தப்பு லேபிள் இருக்கிறது பொய் சொல்லும் சார். விதை கொடுக்கும், அந்த விதையும் பொய் சொல்லும். ஏன், ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்ல இல்ல," என்றார் பல் மாஸ்டர். "சும்மா கேட்டேன்."

அன்று மதியம் கொழுந்தியாள் வந்தாள். மனைவியின் தங்கை. திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தவள். கையில் அளவு நாடாவோடு பிறந்தவள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அக்கா விதை போடும்போதெல்லாம் கூடமாட இருந்தவளும் அவள்தான். அத்தான் சொன்னதை நின்றபடியே கேட்டாள்.

"பல்லு கழுவுற தொட்டியில போட்டீங்களா?"

"ஆமா."

"இருபது வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன். இன்னும் நாலு நாள் பார்க்காம இருந்திருக்கக் கூடாதா அத்தான்?"

கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, "நோட்டக் கொண்டாங்க," என்றாள்.

நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் குன்றின் பெயர், விதைத்த தேதி, எத்தனையாவது தலைமுறை என்று ஒழுங்காக எழுதியிருந்தது. கடைசியில் அடையாளத்துக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியை நம்பித்தான் இருவரும் மாடி ஏறினார்கள். ஆனால் மனைவி அந்த வரிகளை வேறு யாரும் படிப்பார்கள் என்று நினைத்து எழுதவில்லை.

"பதினேழு. மூத்த நாத்தனார், விருந்தாளி கிளம்பின பிறகு," என்று கொழுந்தியாள் வாசித்தாள். "உங்க அக்காதான் அது. எங்க, காட்டுங்க."

"என் அக்கா மாதிரி ஒரு செடியா?"

"நெத்தியச் சுருக்கிக்கிட்டு இருக்கும். தேடுங்க."

நெற்றியைச் சுருக்கிய மாதிரிக் கோடு விழுந்த செடிகள் அந்த அறையில் முப்பதுக்கு மேல் இருந்தன.

"ஐம்பத்தி மூணு. ஸ்டேஷன் மாஸ்டர், சம்பளத்துக்கு முந்தின நாள். நூத்தி ஆறு. கேட்டா சில்லறை இல்லேங்கிற மூஞ்சி. எண்பத்தெட்டு..." என்று வாசித்தவள் நிறுத்தினாள். நோட்டை அவர் பக்கம் நீட்டினாள்.

எண்பத்தெட்டுக்கு நேரே, 'இவர், சாப்பிட்டு முடித்ததும்' என்று எழுதியிருந்தது.

அவர் வெகுநேரம் தேடினார். சாப்பிட்டு முடித்ததும் தன் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். வெளிர் பழுப்பில் மூன்று செடிகள் அப்படி இருக்கலாம் என்று கொழுந்தியாள் சொன்னாள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவற்றில் ஒன்று அவராக இருக்கலாம். மூன்றுமே வேறு யாராகவோ இருக்கலாம்.

"இதெல்லாம் உன்கிட்ட காட்டினாளா?" என்று கேட்டார்.

"காட்டுவா. நாங்க ரெண்டு பேரும் சிரிப்போம். நீங்க கீழேர்ந்து, என்ன சத்தம்னு கேப்பீங்க."

மனைவியின் போனில் ஒன்பது படங்கள் அகப்பட்டன. காப்பகத்து அம்மாவுக்கு அனுப்பியவை. லேபிளும் சேர்ந்து விழுந்திருந்தது. கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டு அந்த ஒன்பதையும் கண்டுபிடித்தார்கள். கொழுந்தியாள் தானே நட்டு வைத்த ஏழு செடிகளின் எண்களைச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். மாஸ்டர் தன் பற்கொத்தை எடுத்து இலை இலையாகப் பிடித்துப் பார்த்தார். 'இவர் கொத்தில் கடைசிப் பல்' என்று, ஒரே காயில் வந்த மூன்று எண்களுக்கு எதிரே மனைவி எழுதியிருந்தாள். அந்தப் பழைய மஞ்சளுக்கு ஒத்த மூன்றை எடுத்துத் தனியே வைத்தார். அதோடு பத்தொன்பது. மீதி நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

மீதியில் பாதிக்கு முகமே இல்லை. அதுதான் செடிகள் தோலுரிக்கும் பருவம். பழைய இலை இரண்டும் வற்றிச் சுருங்கி, பழைய தோல்பை மாதிரி மேலே மூடியிருக்கும்; உள்ளே புதிய ஜோடி அதன் ஈரத்தைக் குடித்துக்கொண்டு மெல்ல மேலே வரும். முழுதும் வெளியே வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அதற்குள் சனிக்கிழமை வந்துவிடும்.

வியாழக்கிழமை மாஸ்டர் பட்டறையிலிருந்து மெழுகு செதுக்கும் கத்தியையும் மெல்லிய இடுக்கியையும் கொண்டுவந்தார். கண்ணுக்குப் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டார். சுருங்கிய தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்த்துவிட்டால் உள்ளே இருக்கும் முகம் தெரிந்துவிடும். மயிரிழை கனத்துக்கு மெழுகைச் சீவுகிற கை அது. தன் கையின்மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. உலகத்தில் மீதியிருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

முதல் செடி நன்றாக வந்தது. உள்ளே இளம்பச்சையாக, கோடே விழாமல், பிறந்த குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. யாருடைய சாயலும் அதில் இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் தோலோடு சேர்ந்து புதிய இலையின் ஓரமும் கிழிந்து, தெளிந்த நீர் ஒரு சொட்டு வந்தது. நாலாவதைத் தொட்டபோது கொழுந்தியாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும் அத்தான்."

"இது ஒண்ணு மட்டும் பார்த்துக்கிறேன்."

"நீங்க பார்க்கல. உரிக்கிறீங்க. வைங்க கத்திய."

வெள்ளிக்கிழமை காலை அந்த நான்கும் கூழாகியிருந்தன. தோல் விலகிய இடத்தில் பழுப்பாக ஒரு குழி. கொழுந்தியாள் அவற்றைக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"எழுதிடலாம்."

"எதை?"

"லேபிள. எல்லாத்துக்கும். நோட்டுல இருக்கிற வரிக்கு எது கிட்டத்தட்ட வருதோ அதுக்கு அந்த நம்பர். யாருக்குத் தெரியப் போகுது? அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்."

"அந்த அம்மா சொன்னாங்களே."

"சொன்னாங்க. அவங்க சொன்னபடி நடந்தா பத்தொன்பது போகும். மிச்சத்தைத் திங்கட்கிழமை எங்க வைப்பீங்க? என் கடையில ஜன்னலே கிடையாது. உங்க பட்டறையில வெயில் விழுதா? ரெண்டு மாசத்துல எல்லாம் நீண்டு வெளிறிச் செத்துடும். அங்க போனா பேரு தப்பா இருந்தாலும் உயிரோட இருக்கும். பிரிக்காம அனுப்புங்கன்னுதானே சொன்னா?"

அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. எதிரே சொல்ல இருந்ததிலும் ஓட்டை இல்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பேனாவின் மூடியைத் திறந்தார்.

மாலைவரை எழுதினார்கள். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவள் எண் வாசிப்பாள். ஒரு தொட்டியைத் தள்ளுவாள். அவர் எழுதிச் செருகுவார். ஆரம்பத்தில் ஒவ்வொன்றுக்கும் வாதம் நடந்தது. போகப் போக வாதம் குறைந்தது. நூற்று நாற்பத்தேழு வந்தபோது, "சாம்பல் குன்று, ரெண்டாம் தலைமுறை. சோம்பேறி," என்று வாசித்தாள்.

"சோம்பேறின்னா?"

"இன்னும் தோல் உரிக்காம மூடிக்கிட்டுக் கிடக்குதே, இதுவா இருக்கும்."

செருகினார். சாம்பல் குன்று உடைத்துத் தரைமட்டமாக்கிய மூன்றில் ஒன்று. அதற்கு மட்டும் எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது, பிறகு எழுதியது. கடைசி லேபிளையும் செருகிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அறை அழகாக இருந்தது. மனைவி இருந்தபோதுகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்தது. காப்பகத்து அம்மா குள்ளமாக, பெரிய தொப்பியோடு, மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். கண்ணாடி அறைக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றினார். தட்டு தட்டாக நடந்து பார்த்தார்.

"பதினோரு வருஷம் போன்ல கேட்டது," என்றார் கடைசியில். "நேர்ல வரணும் வரணும்னு இருந்தேன். இப்பதான் வர முடிஞ்சுது. மன்னிச்சுக்குங்க சார்."

"உள்ள வாங்க மேடம்," என்றார் மாஸ்டர். உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

வண்டி ஓட்டுநரும் கொழுந்தியாளும் தட்டுகளை இறக்க ஆரம்பித்தார்கள். முதல் தட்டு போயிற்று. இரண்டாவது போயிற்று. அந்த அம்மா நோட்டைப் பார்த்துச் சரிபார்க்கவில்லை, நம்பிக்கைதான். மாஸ்டர் கதவோரமாக நின்றார். இன்னும் அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். வாயைத் திறக்காமல் இருப்பது ஒரு பெரிய காரியமா? வாழ்நாள் முழுவதும் செய்ததுதானே.

மூன்றாவது தட்டை எடுக்கும்போது அந்த அம்மா ஒரு தொட்டியை மட்டும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். காலை வெயிலில் அதன் தோல் இன்னும் கொஞ்சம் வெடித்து விலகியிருந்தது. உள்ளே புதிய இலை ஒரு விரற்கடை தெரிந்தது. அடர்சிவப்பு.

"நூத்தி நாற்பத்தேழு," என்று படித்தார். "எந்தக் குன்று சார் இது?"

நோட்டு மாஸ்டர் கையில் இருந்தது. திறக்க வேண்டிய அவசியம் இல்லை. "சாம்பல் குன்று."

"சாம்பல் குன்றா? நிச்சயமாவா?"

கொழுந்தியாள் படியில் நின்று அவரைப் பார்த்தாள். அவர் நோட்டைத் திறந்து காட்டினார். நோட்டில் இருந்தது உண்மை.

"சிவப்பு அங்கேர்ந்து இதுவரைக்கும் வந்ததே இல்ல. ஒரு செடிகூட." அந்த அம்மாவின் குரல் மாறிவிட்டது. தொட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அந்தக் குன்றே போயிடுச்சு. அங்க இப்படி ஒரு நிறம் இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாம போயிருக்கும். இது ஒண்ணுதான் சாட்சி. நான் இதைப் பத்தி எழுதுறேன் சார். அவங்க பேரைப் போட்டு எழுதுறேன். எங்கிட்ட ஏன் சொல்லாம விட்டாங்க?"

"அதுல சொல்ல ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் பல் மாஸ்டர்.

"இல்ல, இது எவ்வளவு பெரிய..."

"அது நூத்தி நாற்பத்தேழு இல்ல. எதுன்னு எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் நான்தான் அழிச்சேன்."

பிறகு முழுவதையும் சொன்னார். அதிர்வுத் தொட்டி, மருந்துத் தண்ணீர், நோட்டு, கத்தி, பேனா. சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா தொட்டியைக் கீழே வைக்கவில்லை. கொழுந்தியாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை.

"நிச்சயமா எத்தனை சார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பத்தொன்பது."

ஏற்றிய தட்டுகள் திரும்ப மேலே வந்தன. பத்தொன்பதையும் தனியே வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, "இது?" என்று அந்த அம்மா கேட்டார். படத்தில் இருந்த ஒன்பதுக்கு மாஸ்டர் தலையாட்டினார். கொழுந்தியாளின் ஏழுக்கு அவள் எழுந்து வந்து பதில் சொன்னாள். அவருடைய மூன்றும் வந்தன. கொத்தை எடுத்துக் கடைசிப் பல்லை இலையோடு ஒட்டிப் பிடித்தார். புதன்கிழமை ஒத்துப்போன நிறம் இன்று ஒரு மாற்றுக் குறைந்தாற்போல் இருந்தது. வெயிலில் இலை மாறியதா, அன்றைக்குக் கண் மாறியிருந்ததா?

"நீங்க சொன்னா எடுத்துக்கிறேன்," என்றார் அந்த அம்மா.

அவர் சொல்லவில்லை. பதினாறு ஆயிற்று.

பதினாறில் சாம்பல் குன்று ஒன்றுகூட இல்லை. உடைந்த மற்ற இரண்டு குன்றுகளில் ஒன்றிலிருந்து ஒரே ஒரு செடி இருந்தது. இதெல்லாம் அந்த அம்மா நோட்டைப் புரட்டித் தனக்குள் சொல்லிக்கொண்டது. மாஸ்டர் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்று சொல்லவில்லை, பாவம். பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இங்கதானே இருக்கு," என்றார் மாஸ்டர், மீதித் தட்டுகளைப் பார்த்து. "சாம்பல் குன்றுச் செடி இதுக்குள்ளதான் எங்கயோ உக்காந்திருக்கு."

"இருக்கு சார்."

"நாம பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"ஆமா சார். பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

போகும்போது அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. காப்பகத்து வாசலில் ஒரு கல் தொட்டி இருக்கிறது, அதில் முப்பது வைக்கலாம், வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்றார். மழைக்காலத்தில் அங்கே கூரை கிடையாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். "எதை எடுத்துக்கட்டும்?"

மாஸ்டர் தட்டுகளைப் பார்த்தார். அவளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்லியிருப்பாள்.

"கைக்கு வந்ததை எடுத்துக்குங்க," என்றார்.

வண்டி போன பிறகு அவர் மேலே வந்தார். கொழுந்தியாள் தட்டுகளை நெருக்கிவைத்துக்கொண்டிருந்தாள். எட்டுத் தொட்டி அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு, இருபது பீங்கான்காரர் வீட்டுப் பால்கனிக்கு, நாற்பதைப் படிக்கட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று அவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போட்ட கணக்கில் தொட்டிகள் பாதிக்கு மேல் மிஞ்சின.

எந்த முப்பது போயிற்று என்று அவர் பார்த்தார். மூன்று நாளாக ஒவ்வொன்றின் முகத்தையும் உற்றுப் பார்த்தவர்தான். இடைவெளிகளை அவள் மூடிவிட்டிருந்தாள். ஒன்றைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

தான் எழுதிய லேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே அத்தான். இனி யாரு பார்க்கப் போறா?"

அவர் பிடுங்கிக்கொண்டேயிருந்தார். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது மணல் கொஞ்சம் சரிந்து அந்த இடத்தை மூடியது. முதல் தட்டு முடிந்தது. இரண்டாவதின் பாதியில் கை நிறைந்துவிட்டது. லேபிள்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.